வேலையை விடும் கடிதம் கடைசியில்தான்: தோட்டப்புற ஊரில் வீடு வாங்கி வாடகைக்கு விட முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்து ஓய்ந்து போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். செம்பனை ஆலையில் இரவு வேலை பார்ப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், தோட்ட ஆபீஸில் கிராணியாக இருப்பவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். நானும் ஷிப்ட் வேலையை விட்டு வந்தவன். இப்போது வாடகை வீடுகளும் ஒரு பகல் வேலையுமாகக் குடும்பம் ஓடுகிறது. பேங்க் பாரம், கிரான் (நில உரிமைப் பத்திரம்), வாடகை ஒப்பந்தம் என்று பலரோடு கூடப் போய் வந்திருக்கிறேன். அவர்கள் தடுமாறியது பெரும்பாலும் படிகளின் வரிசையில்தான்.

அதிகம் பார்த்த தடுமாற்றம் இது: முதலில் வேலையை விடுகிறார்கள், பிறகு வீட்டுக் கடனுக்குப் போகிறார்கள். பேங்க் கேட்கும் முதல் தாள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. அது இல்லாதவரிடம் சொந்தத் தொழிலின் பதிவையும் வருமான வரிக் கணக்கையும் கேட்பார்கள். நேற்று வேலையை விட்டவரிடம் அவை எங்கிருந்து வரும்? அதனால் சம்பளச் சீட்டு தேவைப்படும் காரியங்களை எல்லாம் முடித்துவிட்டுத்தான் கடிதம் கொடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதை வைத்துப் போட்டது.

1. குடியிருக்கும் வீடு யாருடையது?

தோட்டத்து வீட்டில் இருந்தால் வேலையோடு வீடும் போய்விடும். வாடகைக்கு விட வீடு வாங்கிவிட்டுத் தன் குடும்பத்துக்கு வேறொரு வீட்டை வாடகைக்குத் தேடுவது ஒருவருக்கும் கட்டுப்படியாகாது. அப்படிப்பட்டவருக்கு முதல் வீடு குடியிருக்கத்தான். அதை முடித்து, குடும்பம் அங்கே நிலைத்த பிறகே வாடகை வீட்டைப் பற்றி யோசிக்கலாம்.

முதல் வீடு வாங்குபவருக்கு 500,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. கையெழுத்திடும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று லாயரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தச் சலுகை ஒரு முறைதான். குடியிருக்கும் வீட்டுக்கே அதைப் பயன்படுத்துங்கள்.

2. சிசிரிஸ் அறிக்கையை நீங்களே முதலில் பாருங்கள்

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் அறிக்கையை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். கடந்த பன்னிரண்டு மாதங்களில் எந்தக் கடனில் எத்தனை மாதம் பாக்கி விழுந்தது என்று அதில் வரிசையாகத் தெரியும். வீடு தேடுவதற்கு ஓராண்டு முன்பே பார்த்தால்தான் கறையைச் சரி செய்ய நேரம் கிடைக்கும்.

நம்மவர்களை அதிகம் சிக்க வைப்பவை இரண்டு. படித்து முடித்ததும் மறந்துபோன பிடிபிடிஎன் கல்விக் கடன் ஒன்று. மச்சான் கார் வாங்கியபோது போட்ட ஜாமீன் கையெழுத்து இன்னொன்று. அவர் தவணை கட்டத் தவறினால் அது உங்கள் தலையில்தான் விழும். அதைத் தீர்க்காமல் விண்ணப்பம் போட்டு மறுக்கப்பட்டால், அடுத்தடுத்த பேங்குகளும் அதே அறிக்கையைத்தான் பார்க்கும்.

ஓவர்டைம் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் 4,000 வெள்ளி வாங்குகிறவரின் அடிப்படைச் சம்பளம் 2,200 வெள்ளியாக இருக்கலாம். பல பேங்குகள் ஓவர்டைமை முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை. எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கடன் அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்த பிறகே வீடு பார்க்கக் கிளம்புங்கள்.

3. கைக்காசு: பத்து விழுக்காட்டோடு முடியாது

கணக்குக்காக 220,000 வெள்ளிக்கு ஒரு மாடித் தொடர் வீட்டை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு இது இரண்டாவது வீடு, கடன் 90 விழுக்காடு, அதாவது 198,000 வெள்ளி. எல்லாரும் சொல்லும் முன்பணம் 22,000. அதற்கு மேல் வருவதைப் பாருங்கள்.

பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு. ஆக 1,000 கூட்டல் 2,400, மொத்தம் 3,400. கடன் ஒப்பந்த முத்திரை வரி 0.5 விழுக்காடு, 990 வெள்ளி. லாயர் கட்டணம் 500,000 வரை 1.25 விழுக்காடு. வாங்கும் ஒப்பந்தத்துக்கு 2,750, கடன் ஒப்பந்தத்துக்கு 2,475. இந்த இரண்டுக்கும் 8 விழுக்காடு சேவை வரி, சுமார் 418.

இவை மட்டும் 10,000 வெள்ளியைத் தாண்டுகின்றன. மதிப்பீட்டாளர் கட்டணம், லாயரின் சில்லறைச் செலவுகள், கூரை, வயரிங், பெயின்ட் தனி. என் கணக்கில் இந்த வீட்டுக்கு 40,000 வெள்ளியாவது கையில் இல்லாமல் புக்கிங் போடக் கூடாது. குறைவதை வட்டிக்கு எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வட்டி வாடகையை விழுங்கிவிட்டுச் சம்பளத்துக்கும் வாயைத் திறக்கும்.

சேமநிதியை நம்பியிருப்பவர்கள் கவனியுங்கள். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிளெக்ஸிபல் கணக்குக்கும் போகிறது. வீட்டுக்கு எடுப்பது செஜாத்ராவிலிருந்து. அதுவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால் முன்பணத்தைச் சொந்தக் கையிலிருந்து போட்டாக வேண்டும். ஏற்கெனவே ஒரு வீட்டுக்கு எடுத்திருந்தால், அதை விற்காமல் இரண்டாவது வீட்டுக்கு எடுக்க இயலாது. வேலையை விட்டால் மொத்தச் சேமநிதியும் கைக்கு வரும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வராது. வேலையை விடுவது சேமநிதியை எடுப்பதற்கான காரணமே அல்ல.

4. அந்த வீடு மாதம் எவ்வளவு மிச்சம் தரும்?

இந்தப் பகுதியை மட்டும் கணவனும் மனைவியுமாக ஒரே மேசையில் உட்கார்ந்து, பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். முடிவு இங்கேதான் இருக்கிறது.

நாற்பது வயதுக்காரருக்கு 70 வயது வரை 30 ஆண்டுக் கடன், வட்டி 4.2 விழுக்காடு என்று வைத்தால் 198,000 வெள்ளிக்கு மாதத் தவணை ஏறக்குறைய 970. வாடகை 900 கிடைக்கிறது என்போம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் வாடகை வரும் என்று எழுதாதீர்கள். ஆள் மாறும்போது ஒரு மாதமாவது காலியாகக் கிடக்கும். பதினொரு மாதம் என்றால் 9,900. அதில் நில வரி, கதவு வரி, தீக்காப்புறுதி, பழுது பார்ப்பு என்று 1,500 போனால் மிச்சம் 8,400. மாதக் கணக்கில் 700.

தவணை 970, வரவு 700. ஆக அந்த வீடு மாதாமாதம் 270 வெள்ளியை உங்களிடம் கேட்கும். அதைக் கொடுப்பது எது? நீங்கள் வெறுக்கும் அந்தச் சம்பளம்தான்.

இதனால் வீடு வாங்குவது வீண் என்று ஆகாது. தவணையில் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறது, வாடகை காலப்போக்கில் ஏறும், தவணை பெரிய அளவில் மாறாது. ஆனால் கடனில் வாங்கிய ஒரு வீட்டை நம்பி வேலையை விட முடியாது. இதே கணக்கில் மாதம் 2,100 வெள்ளி கைக்கு வர வேண்டும் என்றால், கடனே இல்லாத மூன்று வீடுகள் வேண்டும்.

ஆகவே என் முடிவை நேராகவே சொல்கிறேன்: பெரும்பாலோருக்குச் சரியான வழி, வேலை பார்க்கும்போதே வாங்கி, பிறகு இரவு ஷிப்டை விட்டுச் சம்பளம் குறைந்த ஒரு பகல் வேலைக்கு இறங்குவது. அந்தக் குறைந்த சம்பளம் குடும்பச் செலவோடு வீடு கேட்கும் 270 வெள்ளியையும் தாங்கினாலே உடம்பு பிழைக்கும். முழுசாக விட்டாக வேண்டும் என்பவர்கள் வீட்டு முகவராகலாம். இரண்டு நாள் பயிற்சி முடித்து, பதிவு பெற்ற நிறுவனத்தின் கீழ் சேர வேண்டும். ஆனால் அது கமிஷன் தொழில். முதல் கமிஷன் வரும் வரை மாதங்கள் ஓடும். அதற்கும் சேமிப்பு வேண்டும்.

5. யாருக்கு வாடகைக்கு விடப் போகிறீர்கள்?

வீட்டைப் பார்ப்பதற்கு முன் ஆளை முடிவு செய்யுங்கள். கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை பார்க்கும் இளம் குடும்பமா, ஆறு பேராகச் சேர்ந்து தங்கும் ஆபரேட்டர்களா, தொழிலாளர் விடுதிக்கு வீடு தேடும் குத்தகைக்காரரா என்பதைப் பொறுத்து வீடு மாறும். குடும்பம் பள்ளிக்கூடத்தையும் கடையையும் பார்க்கும். ஆபரேட்டர்கள் ஃபேக்டரி பஸ் நிற்கும் இடத்தைப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் குடியமர்த்த வாடகை கூடவே தருவார்கள். ஆனால் முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். சாதாரண வீட்டில் ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் படுக்கை இடம் என்பது சட்டம். சான்றிதழ் இல்லாமல் இருபது பேரை அடைத்து வைக்கும் குத்தகைக்காரருக்கு விட்டால், அக்கம்பக்கத்துப் புகாரும் அடைத்துப்போன கழிவுக்குழாயும் உங்கள் கணக்கில் வரும்.

வாடகை எவ்வளவு என்பதை விளம்பரத்தில் பார்க்காதீர்கள். அது கேட்கும் விலை. அதே தாமானில் குடியிருக்கும் இரண்டு மூன்று வாடகைக்காரர்களிடம் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். விற்ற விலைக்கு அரசாங்கத்தின் சொத்துத் தகவல் மையமான நாபிக் வெளியிடும் விற்பனைத் தரவு இருக்கிறது.

6. கிரானைப் படிக்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்

நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, அந்த நிலத்தின் பதிவு விவரம் காட்டும் தேடல் தாள் எடுக்கலாம். புக்கிங் பணம் கொடுப்பதற்கு முன் எடுப்பது நல்லது. பலர் லாயர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். லாயர் பார்க்கும் நேரத்தில் பணம் ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

தாளில் கவனிக்க வேண்டிய இடங்கள் இவை. உரிமையாளர் பெயர், விற்பவரின் அடையாள அட்டையோடு ஒத்துப்போகிறதா? அப்பா இறந்து, கிரானில் இன்னும் அப்பா பெயரே இருந்தால், வாரிசு விவகாரம் சட்டப்படி முடியும் வரை விற்க முடியாது. அண்ணன் ஒருவரே வந்து எல்லாரும் சம்மதம் என்று சொன்னாலும் அது போதாது.

அடுத்து, மலாய் ரிசர்வ் என்று இருக்கிறதா? கெடாவில் இது பரவலாக உண்டு, நம்மால் வாங்க இயலாது. வேறொருவர் பெயரில் வாங்கி, தனித் தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்பவர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் தாளை வைத்து நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

சட்ட உரிமைக் கட்டுப்பாடு என்ற வரியில், மாநில அரசின் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்று இருக்கலாம். குத்தகை நிலத்திலும் மலிவு விலை வீடுகளிலும் இது அதிகம். சம்மதம் வர மாதங்கள் ஆகும். குத்தகையில் மீதம் எத்தனை ஆண்டுகள் என்பதையும் பாருங்கள். குறைந்து போயிருந்தால் பேங்க் தயங்கும்.

இனி நம் ஊர்களுக்கே உரிய பொறி. பழைய ரப்பர் நிலத்தைத் துண்டு போட்டு, ‘பங்களா லாட், மலிவு விலை, கேஷ்’ என்று விற்கிறார்கள். கிரானில் வகை விவசாயம் என்றே இருக்கும். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே தனிக் கிரானாகப் பிரிக்க முடியாது. ஆகவே 5,000 சதுர அடி வாங்கியவருக்குக் கிடைப்பது முழு நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கு. எந்த மூலை உங்களுடையது என்று கிரான் சொல்லாது. வீடு கட்ட அனுமதி கிடைப்பது அரிது, பேங்க் கடன் கொடுப்பதும் அரிது. பங்காளிகளில் ஒருவர் தகராறு செய்தால் விற்பதும் சிக்கல். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்பதாக இருந்தால், அதே சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் வேண்டும். பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தை இப்படிப்பட்ட லாட்டில் போட்டுவிட்டு, முள்வேலிக்கு வெளியே நிற்கும் பெரியவர்களை எங்கள் பக்கத்தில் பார்க்கலாம். தயவுசெய்து உங்கள் அப்பா அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

7. வீட்டை மழையிலும் ஒரு முறை பாருங்கள்

வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். மழை விட்ட அரை மணி நேரத்தில் போனால் கூரையின் உண்மை தெரியும். சீலிங்கில் புதுப் பெயின்ட் ஒரே ஒரு சதுரத்தில் மட்டும் பளிச்சென்று இருந்தால், அதன் மேல்தான் ஒழுகுகிறது. கதவு நிலையின் அடிப்பகுதியைச் சாவியால் தட்டுங்கள். பொத்தென்று ஒலித்தால் உள்ளே கரையான் சாப்பிட்டுவிட்டது. செம்பனையை ஒட்டிய கடைசி வரிசை வீடுகளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மின்சார மீட்டர் இருக்கிறதா, சீல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் அழுத்தத்தைக் காலை ஏழு மணிக்குச் சோதியுங்கள். கெடாவில் தண்ணீர் தடைபடுவது வழக்கம், தொட்டி இல்லாத வீட்டுக்கு அந்தச் செலவும் உண்டு.

பிறகு அந்தத் தெருவை நடந்து, எத்தனை கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டி, புல் மண்டிக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். காலி வீடுகள் நிறைய என்றால் வாடகைக்காரருக்குப் பேரம் பேச இடம் நிறைய.

8. புக்கிங்கிலிருந்து சாவி வரை

முகவர் என்றால் அவருடைய பதிவு எண் உள்ள அட்டையைக் கேளுங்கள். புக்கிங் பணத்தைத் தனியாளின் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் பெயரில் போடுங்கள். பொதுவாக 3 விழுக்காடு புக்கிங், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 7 விழுக்காடு. புக்கிங் தாளில், கடன் மறுக்கப்பட்டால் பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் ஆறாயிரம், ஏழாயிரம் வெள்ளியை விட்டவர்கள் உண்டு.

ஒப்பந்தத்துக்குப் பிறகு வழக்கமாக மூன்று மாதம், வட்டியோடு இன்னொரு மாதம். இந்தக் காலத்தில் ராஜினாமா வேண்டாம். புதுக் கார் கடன், கிரெடிட் கார்டு தவணை எதுவும் வேண்டாம். வேலையை விடும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பேங்கிடம் மறைப்பதும் வேண்டாம். பணம் விடுவதற்கு முன் சரிபார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு.

புதிதாகக் கட்டும் வீட்டை இந்தத் திட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன். தரை வீட்டுக்கு 24 மாதம், அடுக்ககத்துக்கு 36 மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை வாடகை கிடையாது, கடனின் வட்டி மட்டும் ஓடும்.

லெலோங் வீடு மலிவு என்று முதல் வீட்டுக்கே போகாதீர்கள். ஏலத் தொகையின் முன்பணத்தைக் கட்டிவிட்டு, மீதியை 90 அல்லது 120 நாளில் முடிக்காவிட்டால் முன்பணம் போய்விடும். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவதும் வாங்கியவர் பாடு. ஒன்றிரண்டு வீடு பார்த்துப் பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

9. வாடகைக்காரரும் ஒப்பந்தமும்

இரண்டு மாத முன்வைப்பு, மின்சாரம் தண்ணீருக்குத் தனி வைப்பு, முதல் மாத வாடகை. சொந்தக்காரராக இருந்தாலும் இதில் தளர்வு வேண்டாம். தெரிந்தவரிடம் கூச்சப்பட்டு வைப்பு வாங்காத வீட்டில்தான் மின்சார பில் 1,400 வெள்ளி ஏறிக் கிடக்கும்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை குத்துங்கள். 900 வெள்ளி வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் வரி 44 வெள்ளிதான். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வாடகை வராவிட்டாலும் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஆளை வெளியேற்ற முடியாது என்பது சட்டம், மீறினால் வழக்கு உங்கள் மேல் வரும்.

சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள். மீட்டர் எண் தெளிவாகத் தெரியட்டும்.

10. இப்போது கடிதம்

வீட்டில் ஆள் குடியேறி, வாடகை ஆறு மாதமாவது ஒழுங்காக வந்த பிறகு இந்தப் படிக்கு வாருங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவும் ஆறு மாத வீட்டுத் தவணையும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கும் வீடானால் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்புறுதி அட்டையை வேலையில் இருக்கும்போதே சொந்தப் பெயரில் எடுங்கள். கம்பெனி அட்டை கடைசி நாளோடு முடியும். புதிய அட்டையில் பொதுவான நோய்களுக்கு 30 நாள், சில நோய்களுக்கு 120 நாள் காத்திருப்பு உண்டு. ஷிப்ட் வேலையில் பிரஷர், இனிப்புநீர் வந்தவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். அட்டை கிடைக்குமா என்பதே அவர்கள் முடிவை மாற்றலாம்.

வேலை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படாவிட்டால் 1955 வேலைச் சட்டம் பேசும்: இரண்டு ஆண்டுக்குக் குறைவு என்றால் 4 வாரம், ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். கோபத்தில் பாதியில் நின்றால் அந்த நாள்களின் சம்பளத்தை நீங்கள் கட்ட வேண்டி வரும். இன்னொன்று, தானாக வேலையை விட்டவருக்கு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை காப்புறுதி உதவித்தொகை கிடையாது. அதை வரவில் எழுதாதீர்கள்.

11. விட்ட பிறகு முதல் ஆண்டு

வேலையை முழுசாக விட்டவர்களுக்குச் சேமநிதியில் முதலாளியின் பங்கு நின்றுவிடும். சொந்தத் தொழில் செய்பவர்கள் தாமாகச் சேமநிதிக்குக் கட்டும் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்து, முடிந்ததைக் கட்டிக்கொண்டிருங்கள். அரசாங்கமும் ஒரு பங்கு போடுகிறது.

வாடகைக்கு வருமான வரி உண்டு. கடன் வட்டி, நில வரி, கதவு வரி, தீக்காப்புறுதி, பழுதுச் செலவு கழியும். முதல் வாடகைக்காரரைத் தேடிய விளம்பரமும் கமிஷனும் கழியாது. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். விற்கும் யோசனை வந்தால், குடிமகனுக்கு முதல் மூன்று ஆண்டில் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை.

இரண்டு வீட்டுக் கடன் நடப்பில் இருக்கும்போது மூன்றாவது வீட்டுக்குப் பேங்க் 70 விழுக்காடுதான் தரும். 220,000 வெள்ளி வீட்டுக்குக் கைக்காசு 66,000, செலவு தனி. சம்பளச் சீட்டும் இல்லாத நிலையில் அதற்கு அவசரப்பட வேண்டாம். வாடகை வரும் கணக்கைத் தனியாக வைத்து, ஒவ்வோர் ஆண்டும் வரிப் பாரத்தைத் தவறாமல் போட்டு வாருங்கள். அடுத்த முறை கடனுக்குப் போகும்போது பேங்க் கேட்கும் தாள்கள் அந்த பேங்க் கணக்கும் வரி ரசீதும்தான்.